பில்பாவோவில் குடித்த ஒயின்

வீரப்பன் எதையாவது வாயில் வைத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னதை எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்டதில்லை. காபி கொடுத்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்பார். கோழிக் குழம்பு ஊற்றினால் இலையை ஓரமாக நகர்த்துவார். கோவிலூர் மடத்துப் பந்தியில், பரிமாற வந்தவரையே நிறுத்தி, புளியோதரையில் புளி இருக்கிறது, ஓதரை எங்கே என்று கேட்டவர். இப்படிப்பட்ட ஆளை நாலு தடவை பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த தடவை பந்தியிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைப்போம். காரைக்குடி அப்படிச் செய்யவில்லை. கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் சம்சாரம் பொன்னுத்தாயி எனக்குச் சின்னம்மா முறை. இதில் பாதி சின்னம்மா சொல்லித் தெரிந்தது. மீதியை ஊரே பார்த்தது.

வீரப்பனுக்குச் சொந்த ஊர் ஒக்கூர். கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ள குடும்பம். அண்ணன்மார் எல்லோரும் வயலைப் பார்த்துக்கொண்டதால் கடைசிப் பிள்ளைக்கு மாட்டைப் பார்க்கிற வேலைதான் மிச்சம் இருந்தது. அது பிடிக்காமல் ஐம்பத்தெட்டில் மெட்ராஸுக்கு ரயில் ஏறினார். துறைமுகத்தில் யார் யாரையோ பிடித்து ஒரு சரக்குக் கப்பலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் கேப்டனும் ஆபீசர்களும் சாப்பிடுகிற அறையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பரிமாறுகிறவராக உயர்ந்தார். நடுவில் லீவில் வந்து பொன்னுத்தாயியைக் கட்டிக்கொண்டு திரும்பப் போனார். அறுபத்தாறில் ஒரேயடியாக வந்துவிட்டார். ஏன் வந்துவிட்டீர்கள் என்று கேட்டவர்களிடம், கப்பல் சாப்பாடு சரியில்லை என்றார். அந்தச் சாப்பாட்டைப் பரிமாறியதே அவர்தான் என்று யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவரிடம் ஒரு கதை இருந்தது. அறுபத்து மூன்றாம் வருஷக் கடைசியில் கப்பலின் புரொப்பல்லர் உடைந்து, ஸ்பெயின் தேசத்தில் பில்பாவோ என்ற துறைமுகத்தில் வாரக்கணக்கில் நிற்க வேண்டியதாகிவிட்டது. கப்பலுக்கு இறைச்சியும் காய்கறியும் கொடுக்கிற வியாபாரி, இவரை லாரியில் ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் உள்ள ஊருக்குப் போனானாம். அங்கே தரைக்கு அடியில் குகை மாதிரி ஒரு கிடங்கு. வரிசை வரிசையாக ஓக் மரப் பீப்பாய்கள். திராட்சை ஒயினை அதில் ஊற்றி வருஷக்கணக்கில் போட்டுவிடுவார்கள். நடுநடுவே அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டு வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள், மறுபடி போட்டுவிடுவார்கள். கிடங்கைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இவருக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். நல்ல சிவப்பு. ஆனால் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி மங்கல். மூக்குக்குக் கொண்டுபோனால் முதலில் கொப்பரை வாசம். அதற்குப் பின்னால் புதுத் தோல் செருப்பு. அதற்கும் பின்னால் காய்ந்த அத்திப்பழம். வாயில் பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது என்பார். "அதைக் குடிச்ச வாய்க்கு நீங்க குடுக்கிறது எதுவும் ஒட்டாது" என்று முடிப்பார்.

மதுவிலக்கு இருந்த காலம். கேட்டவர்களில் பாதிப்பேர் ஒயினைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் கதை எடுபட்டது.

அறுபத்தேழில் காரைக்குடியில் பெரிய மனிதர்கள் சீட்டாடுகிற ஒரு கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தார். எலுமிச்சை சோடா கலக்கிக் கொடுக்கிற வேலை. கலக்குகிறவரே அதை அற்பமாகப் பேசினார். மெம்பர்களுக்கு இது பிடித்துப்போனது. வட்டிக்கடை முதலாளி, வக்கீல், டாக்டர் என்று ஊரே கும்பிடுகிறவர்களை ஒரு வேலைக்காரன் முகத்தைச் சுளித்து மட்டம் தட்டுவதில் அவர்களுக்கு என்னவோ ஒரு சுகம். வக்கீல் நாகநாதன் வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்தால் முதலில் வீரப்பனிடம் நீட்டுவார். வீரப்பன் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடித் திறந்து, தலையை ஒரு பக்கமாக ஆட்டுவார். அவ்வளவுதான். வக்கீல் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சண்டை போடுவார்.

எழுபத்தொன்றில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். கிளப்பில் பார் திறந்தார்கள். வீரப்பனுக்குப் பழைய வெள்ளைக் கோட்டு மறுபடி வந்தது. இந்த ஊர்ப் பிராந்தியைச் சாராயத்தில் கருக்கிய சர்க்கரை என்றார். விஸ்கியை மருந்துக்கடைச் சரக்கு என்றார். சொல்லிக்கொண்டே ஊற்றினார், அவர்களும் கேட்டுக்கொண்டே குடித்தார்கள். அவருடைய புகழ் கிளப்பைத் தாண்டிக் கல்யாண வீடுகளுக்குப் போனது. பந்தி தொடங்கும் முன் அவரை அடுப்படிக்குக் கூட்டிப்போகிற வழக்கம் வந்தது.

அப்படித்தான் சமையல்காரர் சோணைமுத்துவின் பிழைப்பு கெட்டது. கோவிலூர்க்காரர். நல்ல கை என்று பெயர் எடுத்தவர். அறுபது வயது நிறைந்த ஒருவருடைய சாந்திக் கல்யாணத்தில் அவர் வைத்த பால் பாயசத்தை வீரப்பன் ஒரு கரண்டி எடுத்து உதட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கரண்டியைத் தரையில் வைத்தார். வீட்டுக்காரர் பாயசத்தையே பரிமாற விடவில்லை. அண்டாவோடு மாட்டுக் கொட்டத்துக்குப் போனது. அதன் பிறகு பெரிய வீடுகளில் சோணைமுத்துவைக் கூப்பிடுவது நின்றுபோனது. அந்தப் பாயசத்தில் என்ன குறை என்று ஒரு ஆள் கேட்கவில்லை. ஒரு ஆள் ருசிபார்க்கவும் இல்லை.

இனி வீட்டுக்குள் நடந்தது. கப்பலிலிருந்து திரும்பிய அன்று பொன்னுத்தாயி நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். வீரப்பன் இரண்டு கவளம் சாப்பிட்டார். மூன்றாவதைப் பிசைந்துவிட்டு, "இதை ஒரு மனுஷன் திம்பானா" என்று எழுந்துவிட்டார். அன்றைக்குச் சின்னம்மா அழுதார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் என்னென்னவோ செய்து பார்த்தார். மசாலாவை மாற்றி அரைத்தார். திருக்கோஷ்டியூர்ப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார். எதை வைத்தாலும் அதே பேச்சுதான்.

ஒரு மழைக்காலத்தில் பரணில் எலி செத்துப்போனது. பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். சின்னம்மாவின் பிள்ளை வாந்தி எடுத்தது. வீரப்பன் பரணுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிக் காபி கேட்டார்.

சின்னம்மா காபியைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாராம். அவர் நிதானமாகக் குடித்தார், பக்கத்தைப் புரட்டினார். மறுநாள் சின்னம்மா அவர் துண்டைக் கருவாடு கழுவிய தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுத்தார். வீரப்பன் முகத்தைத் துடைத்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனார். அங்கே ஒரு மெம்பரும் அதைப்பற்றிப் பேசவில்லை. வீரப்பன் தோளில் கருவாடு நாறினால் அதற்கும் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

ஆக, மூக்கு செத்த மனிதர். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று நாக்குக்குத் தெரிகிறது மட்டும்தான் அவருக்குத் தெரியும். வாசம் என்று ஒன்று கிடையாது. வாசம் போனால் கோழிக் குழம்பும் வெந்நீரில் கரைத்த உப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சின்னம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஊருக்குத் தெரிந்தால் கிளப் வேலை போய்விடும். ஆனால் அன்றிலிருந்து அவருக்காகச் சமைப்பதை விட்டுவிட்டார். தனக்கும் பிள்ளைக்கும் நல்லதாக எடுத்து வைத்துக்கொண்டு, அடிப்பிடித்த சோறு, முந்தின நாள் குழம்பு, காந்திப்போன பொரியல் எல்லாவற்றையும் அவர் தட்டில் தள்ளினார். அவர் எப்போதும்போலத் திட்டினார். "அந்தச் சோத்துக்கு அவுக திட்டுனது மட்டுந்தான் நெசம்" என்று சின்னம்மா பிற்பாடு என்னிடம் சொன்னார்.

எழுபத்து மூன்றில், பொங்கல் கழிந்த வாரம், வயிரவன் ஊருக்கு வந்தார். பழைய செட்டியார் குடும்பத்துப் பிள்ளை. பினாங்கில் தொழில். அங்கே அவரோடு கூட்டு வைத்திருந்தவர் எமிலியோ என்ற ஸ்பெயின்காரர். ஊருக்குப் போகும்போது கொண்டுபோங்கள் என்று ஒரு பெட்டி ஒயினைக் கொடுத்து அனுப்பியிருந்தார். பில்பாவோவுக்கு மலை தாண்டி எமிலியோ பிறந்த ஊரில் செய்தது, ஓக் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்தது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் மேலே தங்க நிறத்தில் மெல்லிய கம்பி வலை. வயிரவன் அதைக் கிளப்புக்குக் கொண்டுவந்தார். வீரப்பன் பேசிப் பேசிப் பழகிப்போன ஒயினை இனிக் கண்ணால் பார்க்கலாம் என்று சாயங்காலமே எல்லோரும் கூடிவிட்டார்கள்.

வீரப்பன் கம்பி வலையை அறுத்துத் தக்கையைத் திருகி எடுத்தார். ஊற்றினார். ஓரத்தில் செங்கல் நிறம். கிளாஸை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடியவர் வெகுநேரம் திறக்கவில்லை, அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு வாய் எடுத்தார். கன்னத்துக்குள் அங்குட்டும் இங்குட்டும் உருட்டினார்.

அப்புறம் பக்கத்திலிருந்த எச்சில் கிண்ணத்தில் துப்பினார்.

"கெட்டுப்போச்சு. வினிகர்" என்றார்.

வயிரவன் முகம் கறுத்துவிட்டது. டாக்டர் ஒரு வாய் குடித்துவிட்டு, ஆமாம், புளிக்கிறது என்றார். வக்கீல் நாகநாதன், கப்பலில் வெயில் பட்டிருக்கும் என்று காரணமும் கண்டுபிடித்துச் சொன்னார். ஒருவர் விடாமல் முகத்தைச் சுளித்தார்கள். அதுவரை ஒயின் குடித்தே இராத வாய்கள், கெட்ட ஒயின் எது என்று அன்றைக்கு ஒரே குரலில் தீர்ப்பு சொல்லின. பெட்டியில் இருந்த மற்ற பாட்டில்களையும் திறந்து வேலிப்பக்கம் காகிதப்பூச் செடிக்கு ஊற்றினார்கள். வயிரவன் மட்டும் ஒரு பாட்டிலைத் திறக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை அவருக்கு.

ஆடி மாதத்தில் எமிலியோவே வந்து சேர்ந்தார். ஊருக்குப் போகிற வழியில் இரண்டு நாள் தங்கி, கூட்டாளியின் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். வயிரவன் மத்தியானம் வீட்டில் விருந்து வைத்துக் கிளப் மெம்பர்களையும் அழைத்தார். சமையலுக்குச் சோணைமுத்துவைக் கூப்பிட்டிருந்தார். வெளிநாட்டிலேயே இருந்துவிட்டதால் பாயச விவகாரம் வயிரவனுக்குத் தெரியாது. பரிமாற வீரப்பன்.

சாப்பாட்டுக்கு முன்னால் வயிரவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். பெட்டி வந்த வழியில் கெட்டுப்போய்விட்டது, மன்னிக்க வேண்டும். எமிலியோ மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்த ஒரு பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி அவரே திறந்தார். கொஞ்சம் ஊற்றி, அவசரப்படாமல் வைத்திருந்து, முகர்ந்து, குடித்தார். பிறகு உப்புக்கறியில் ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு மறுபடி குடித்தார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒயினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். மற்றவர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார். டாக்டர் குடித்துவிட்டு ஆகா என்றார். பொங்கல் வாரத்தில் புளித்த அதே சரக்கு, ஆடியில் எல்லா வாய்க்கும் அமிர்தமாகிவிட்டது.

நாகநாதன் மட்டும் எழுந்து அடுப்படிப் பக்கம் போனார். மனைவியோடு போட்ட சண்டைகள் எல்லாம் அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வெங்காயத்துக்கு ஊற்ற வைத்திருந்த வினிகரை ஒரு கிளாஸில் ஊற்றி, பீட்ரூட் வெந்த தண்ணீரைக் கலந்தார். சோணைமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸைத் துடைத்து அவரே தட்டில் வைத்துக் கொடுத்தார்.

"வீரப்பா, நீ பில்பாவோவிலேயே குடிச்சவன். இப்ப நிதானமாச் சொல்லு. அன்னைக்கு அவசரப்பட்டுட்டே" என்று நாகநாதன் கிளாஸை நீட்டினார்.

மூன்று முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவர்களுக்கே வினிகர் நெடி அடித்தது. டாக்டர் தும்மினார். வீரப்பன் கிளாஸை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டார். விருந்தாளி சொன்ன வார்த்தையிலிருந்து அவருக்கு ஒன்று புரிந்திருந்தது, இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணை மூடினார். கொப்பரை என்றார். புதுத் தோல் என்றார். காய்ந்த அத்திப்பழம், அதுக்கு அடியில கொஞ்சம் புகையிலை என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கி மெதுவானது. சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிறது போல் இல்லை, எங்கோ போய் நின்றுகொண்டு பார்த்துச் சொல்வது போல இருந்தது என்று அங்கே இருந்தவர் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

முதலில் சிரித்தது டாக்டர். பிறகு எல்லோரும். சோணைமுத்து கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவர் சிரிக்கவில்லை. வீரப்பன் கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கிளாஸில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் பிடிபடவில்லை. புளிப்பு. அன்றைக்கும் புளிப்புதான் இருந்தது.

வீரப்பன் சொன்னதையும் கிளாஸில் இருந்ததையும் நாகநாதன் விருந்தாளிக்கு இங்கிலீஷில் விளக்கினார். இவன் பெரிய புளுகன், ஸ்பெயினுக்கே போயிருக்க மாட்டான், இத்தனை வருஷமாக எங்களை ஏமாற்றியிருக்கிறான். எமிலியோ சிரிக்கவில்லை. இந்த ஆள் சொன்னதெல்லாம் என் கையில் இருக்கிற ஒயினில் அப்படியே இருக்கிறது, அவர் கையில் இருப்பதில்தான் இல்லை, குடிக்காதவரால் இப்படிச் சொல்ல முடியாது என்றார். பிறகு வீரப்பன் பக்கம் திரும்பி, தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, ஏதாவது அடிபட்டதா என்று கேட்டார்.

கப்பலில் கற்ற இங்கிலீஷ் வீரப்பனுக்கு உண்டு. ஆனால் பதிலைத் தமிழில் சொன்னார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"பில்பாவோவ விட்டு வெளிய வந்ததும் கடல் கொந்தளிப்பு. ஏணியிலருந்து விழுந்தேன். பின்மண்டையில அடி. மூக்கு செத்து ஒம்பது வருசம் ஆச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. இரக்கத்தால் நின்றது என்று நினைத்தால் அது தப்பு. ஒவ்வொருவரும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ஆள் முகம் சுளித்ததற்காக யார் யார் என்னென்ன செய்தோம் என்று. யார் மனைவியைத் திட்டினார், யார் எந்தப் பிராந்தியைத் தூக்கி எறிந்தார், யார் பாயசத்தை மாட்டுக்கு ஊற்றினார். புளுகன் என்றால் மன்னித்திருப்பார்கள், நாலு நாள் கேலி பேசி விட்டிருப்பார்கள். அவர் புளுகவில்லை என்பதுதான் பொறுக்க முடியாததாகிவிட்டது. அந்த வாரமே வெள்ளைக் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சுத்தம் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். அடுத்த வருஷம் மதுவிலக்கு மறுபடி வந்து பாரையே பூட்டிவிட்டார்கள். அதுவரை கூடப் பொறுக்கவில்லை.

அன்றைக்கு விருந்து முடிந்து வீரப்பன் வீட்டுக்கு வந்தபோது பொன்னுத்தாயி முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு வாசம் தெரியாது" என்றார்.

"தெரியும்."

"எப்பருந்து தெரியும்?"

"பரண்ல எலி செத்ததுலருந்து."

வீரப்பன் கீழே உட்கார்ந்துவிட்டார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்க ஏன் சொல்லல என்று சின்னம்மா திருப்பிக் கேட்டார். அதன் பிறகுதான் அவர் வாயைத் திறந்து பேசினாராம், கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு பேசியதில்லை. கப்பலில் மூக்கு போனதை ஜலதோஷம் என்று மறைத்து வைத்திருந்தார். ஒருநாள் கெட்டுப்போன வெண்ணெயைக் கேப்டனுக்கு வைத்ததில் குட்டு வெளிப்பட்டு வேலை போனது. ஊருக்கு வந்து நல்லா இருக்கு என்று சொன்னால், என்ன நல்லா இருக்கு என்று அடுத்த கேள்வி வரும். நல்லா இல்லை என்றால் ஒருத்தனும் கேள்வி கேட்பதில்லை. அதை முதல் நாளே, அந்தக் கோழிக் குழம்பில், கண்டுபிடித்துவிட்டார். பிறகு அது பிழைப்பாகவே ஆகிவிட்டது.

வயிரவன் பெட்டியைத் திறந்த அன்று மட்டும், அந்த ஒயினுக்காவது மூக்கு முழித்துக்கொள்ளும் என்று நம்பினாராம். கடைசியாக வாசம் பிடித்தது அதைத்தானே. எவ்வளவு நேரம் வைத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் துப்பினாராம்.

சின்னம்மா மிளகாயைப் பரப்பி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூக்கு போனது ஒங்களுக்கு. பேச்சு வாங்குனது நான். அதை எங்குட்டுப் போயிச் சொல்றது?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். தட்டில் தள்ளிய அடிப்பிடித்த சோற்றைப் பற்றி வீரப்பனிடம் அன்றைக்கும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்து கடைசிவரை சொல்லவில்லை.

சில நாள் வீரப்பன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு கோவிலூருக்கு நடந்துபோய்ச் சோணைமுத்துவைப் பார்த்தார். அவர் அப்போது சின்னச் சின்ன விசேஷங்களுக்கு இட்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீரப்பன் வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணே, ஒங்க பாயசம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நல்லா இருந்துச்சுன்னு இப்பச் சொன்னா அதுவும் பொய்யாப் போகும். இனிப்பு இருந்துச்சு. அது மட்டும் தெரியும்" என்றார்.

சோணைமுத்து அவரை உள்ளே கூப்பிடவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே பேசினார். "தேவகோட்டை ரோட்டுல எலும்பு மில்லு ஒண்ணு வச்சிருக்காக. செத்த மாட்டு எலும்பை அரைச்சு உரம் பண்றாக. நாத்தம் தாங்காம மேஸ்திரி எவனும் நிக்க மாட்டேங்கிறானாம். ஒங்களுக்குன்னே தொறந்த மாதிரி இருக்கு. அங்குட்டுப் போங்க."

அவர் இதை அடிக்கிறதற்குப் பதிலாகத்தான் சொன்னார். வீரப்பன் மில் எந்த இடத்தில் என்று விசாரித்தார். சோணைமுத்து ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கேலிக்குப் பதில் கேலி என்று நினைத்தாராம். வீரப்பன் கேலி பண்ணவில்லை. வழியைக் கேட்டுக்கொண்டு நேரே அங்கேதான் போனார்.

மில்லில் பேச்சே நடக்கவில்லை. முதலாளி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலோடு நின்றார். வீரப்பன் எலும்புக் குவியல்களுக்கு நடுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து, ஒரு சுற்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அன்றைக்கே மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். அதன் பிறகு அவர் வேலை பார்த்த வருஷமெல்லாம் அங்கேதான். மாடு செத்தால் லாரி அனுப்பச் சொல்லிச் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து அவரைத் தேடி வந்தார்கள். கிளப் மெம்பர்கள் சிலருடைய தென்னந்தோப்புக்கும் அந்த உரம்தான் போனது. வக்கீல் நாகநாதன் ஒருமுறை காரில் வந்து, கண்ணாடியை இறக்காமல், மூட்டை எப்போது கிடைக்கும் என்று சைகையிலேயே கேட்டார். வீரப்பனும் சைகையிலேயே பதில் சொன்னார்.

வீட்டில் அவர் சாப்பாட்டைக் குறை சொல்வது நின்றுபோனது. புகழவும் இல்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். சின்னம்மா நல்ல குழம்பையே அவருக்கும் ஊற்ற ஆரம்பித்தார். எதற்கு வீணாக்குகிறீர்கள் என்று நான் ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். திட்டு வாங்காமல் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆசை என்றார்.

மில்லிலிருந்து வருகிறவரைச் சின்னம்மா வாசலில் நுழையவிட மாட்டார். கொல்லைப்புறமாகக் கிணற்றடிக்குப் போக வேண்டும். அங்கே சோப்பும் சீயக்காயும் தயாராக இருக்கும். வீரப்பன் இறைத்து ஊற்றிக்கொண்டு தேய்ப்பார். நாற்றம் போய்விட்டதா என்று அவருக்கு எப்படித் தெரியும். ஈரத்தோடு கையை நீட்டி, "போயிருச்சா?" என்று கேட்பார். சின்னம்மா குனிந்து அவர் முழங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு தடவை தேயுங்க" என்பார். அவர் எதிர்ப்பேச்சு பேசாமல் மறுபடி வாளியைக் கிணற்றுக்குள் விடுவார்.